விற்கவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள்: அப்பா வாசித்த எல்.பி.யை என்ன செய்வது?

தவில்வீடு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தவில்காரர். 1971இல் வந்த ஒரு நாகஸ்வர எல்.பி. இசைத்தட்டில் இரண்டு தவில், அதில் ஒன்று அவருடையது. வித்வான் பெயரைச் சொன்னால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும், ஒரு கம்பெனியை இழுத்து வைத்துத் திட்டுவது என் நோக்கமில்லை, அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். அப்பாவுக்கு இப்போது 84 வயது. கோயில், கல்யாணம், வானொலி என்று ஐம்பது வருடம் வாசித்திருக்கிறார், ஆனால் தட்டில் ஏறியது அந்த நாற்பது நிமிடம் மட்டும்தான். கையில் 150 ரூபாயும் சாப்பாடும் கொடுத்து அனுப்பினார்களாம். அதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை, தட்டில் பெயர் போட்டார்களே என்றுதான் சொல்லுவார்.

முதல் பக்கம் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியும் ஒரு தியாகராஜர் கீர்த்தனையும். இரண்டாம் பக்கம் முழுக்க ரக்தி. நாகஸ்வரத்துக்கே உரிய உருப்படி அது, இன்று கச்சேரியில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். வீட்டுக்குக் கற்றுக்கொள்ள வரும் பையன்களிடம் அப்பா "ரக்தின்னா இப்படிடா" என்று வாயால் சொற்கட்டு சொல்லிக் காட்டுகிறார். அவர்கள் கேட்டதில்லை, கேட்பதற்கு இடமும் இல்லை.

எங்கள் வீட்டுத் தட்டு தேய்ந்தே போய்விட்டது. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் மைக்செட்காரர் வந்து வாங்கிக்கொண்டு போவார், விடியற்காலையில் குழாய் ஒலிபெருக்கியில் போடுவார், திருப்பித் தரும்போது இன்னும் இரண்டு கீறல் கூடியிருக்கும். போன வருடம் பக்கத்து ஊர் மைக்செட்காரர் ஒருவர் காலமாகி, அவர் மகன் காயலான் கடைக்குப் போடுவதற்காகக் கட்டி வைத்திருந்த பெட்டியில் அதே தட்டு இன்னொன்று கிடைத்தது. உறைகூடக் கிழியவில்லை.

சரி, நல்ல பிரதி கிடைத்துவிட்டது, முறைப்படி செய்வோம் என்று கம்பெனிக்கு எழுதினேன். இரண்டு மெயில், ஒரு பதிவுத் தபால். நீங்களே வெளியிடுங்கள், நூறு பிரதி நானே பணம் கட்டி வாங்கிக்கொள்கிறேன், இல்லையென்றால் நாகஸ்வரம் படிக்கும் பிள்ளைகளுக்காக இலவசமாகப் போட எனக்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். நாலு மாதம் கழித்து மூன்று வரியில் பதில்: அந்த ஆல்பம் இப்போது பட்டியலில் இல்லை, மறுவெளியீடு செய்யும் திட்டம் இல்லை, வெளியாட்களுக்கு அனுமதி தருவதில்லை. இதற்கு நடுவில் என் சித்தப்பா மகன் மல்லாரியை மட்டும் நாலு நிமிடம் யூடியூபில் போட்டான். அன்று சாயங்காலமே உரிமைகோரல் வந்து அது நின்றுவிட்டது. விற்கிற பட்டியலில் இல்லாத தட்டு, தடுக்கிற பட்டியலில் இருக்கிறது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சட்டத்தில் எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, ஒரு ஒலிப்பதிவுக்கு நான்தான் உரிமையாளர் என்று சொல்லுகிறவருக்கு அதைக் கேட்கிற மாதிரி வைத்திருக்கும் கடமை எதுவுமே கிடையாதா?


சட்டக்குறிப்பு:

ஐயா, முதலில் அந்த மூன்று வரிப் பதிலைப் பத்திரமாக வையுங்கள். அது உங்களுக்கு வந்த இடைஞ்சல் மாதிரி தெரிகிறது, ஆனால் சட்டப்படி உங்கள் கையில் இருக்கும் ஒரே உருப்படியான காகிதம் அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் 60 வருடம், வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். 1992 திருத்தத்துக்கு முன்னால் இது 50ஆக இருந்தது. தாகூர் படைப்புகளின் உரிமை 1991 கடைசியில் முடியப்போகிறது என்று அப்போது எழுந்த பேச்சில்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து வருடம் கூட்டினார்கள். அந்த நீட்டிப்பு இல்லையென்றால் உங்கள் அப்பாவின் தட்டு 2021 முடிவிலேயே பொதுவுக்கு வந்திருக்கும். இப்போதைய கணக்கில் 2032 ஜனவரி 1. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், ரக்திக்கும் மல்லாரிக்கும் தனி ஆசிரியர் யாரும் உரிமை கேட்கப் போவதில்லை, ஆக நடுவில் நிற்பது ஒலிப்பதிவின் உரிமை மட்டும்தான்.

31ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வெளியான ஒரு படைப்பை உரிமையாளர் மறுபடி வெளியிடவும் மறுத்து, மற்றவர் வெளியிட அனுமதிக்கவும் மறுத்து, அதனால் அது பொதுமக்களுக்குக் கிடைக்காமல் போனால், உரிமையாளர் சம்மதம் இல்லாமலே வெளியிட வழிசெய்யும் கட்டாய உரிமம் கேட்டு முறையிடலாம். "மறுத்தார்" என்று காட்ட வேண்டும், அதற்குத்தான் அந்தக் கடிதம். பெரும்பாலான கம்பெனிகள் பதிலே போடமாட்டார்கள், மௌனத்தை மறுப்பு என்று நிரூபிப்பது தனிப் போராட்டம். உங்களுக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

இனி கசப்பான பக்கம். முன்பு இந்த முறையீடு பதிப்புரிமை வாரியத்துக்குப் போனது, பிறகு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்கு மாறியது, 2021இல் அதையும் கலைத்துவிட்டார்கள், இப்போது வணிக நீதிமன்றம் பார்க்கிறது. வக்கீல் கட்டணம், வாய்தா எல்லாம் உண்டு. இந்தப் பிரிவை வைத்துப் பெரிதாக வழக்காடியவர்கள் எஃப்.எம். வானொலிக்காரர்கள், 2008இல் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களிடம் பணம் இருந்தது, வியாபாரம் இருந்தது. தவில்காரர் மகன் ஒரு எல்.பி.க்காக அந்த வழியில் போவது நடக்காத காரியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் யாரும் போய் நான் பார்த்ததில்லை.

உடனடியாக நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. தட்டை டிஜிட்டலாக மாற்றி அப்பாவைக் கேட்கவைப்பது, அது 52ஆவது பிரிவில் சொந்த உபயோகம், யாரும் கேட்க முடியாது. அடுத்தது, அதே பிரிவில் 2012இல் சேர்த்த ஒரு உட்பிரிவு: லாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் இருக்கும் படைப்பைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலாகச் சேமித்து வைக்கலாம், அசல் பிரதி அந்த நூலகத்திடம் இருந்தால் போதும். ஆக, தட்டையே நூலகத்துக்குக் கொடுத்துவிட்டால் அவர்கள் மாற்றி வைப்பதைக் கம்பெனி தடுக்க முடியாது. இணையத்தில் போடுவது வேறு விஷயம், அது இதில் வராது.


பழையரிக்கார்டு:

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் அண்ணே. டெலிகிராமில் ஒரு குழு ஆரம்பித்துப் போட்டுவிடுங்கள், ஆயிரம் பேர் இறக்கி வைத்தால் அப்புறம் யார் அழிக்க முடியும். 80களில் எங்கள் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். யாரிடமும் உரிமை வாங்கியதில்லை. இன்று பல அபூர்வமான பாட்டு மிஞ்சியிருப்பது அந்தக் கேசட்டுகளால்தான். கம்பெனிகளை நம்பியிருந்தால் எதுவும் இருந்திருக்காது. தூங்குகிறவனை எழுப்பி அனுமதி கேட்டதுதான் தப்பு.


தவில்வீடு:

தம்பி, நீங்கள் சொல்லுவது புரிகிறது, என் மாமா கடைகூட அப்படிப்பட்ட ஒரு சென்டர்தான். ஆனால் அப்பாவின் முதல் தட்டு, அதைத் திருட்டு மாதிரி ஒளித்து ஒளித்துக் கொடுப்பதற்கு மனசு வரவில்லை. பெயர் போட்டு, யார் நாகஸ்வரம், யார் தவில், சுருதிக்கு ஒத்து ஊதியது யார், எந்த வருடம் என்று முறையாக இருக்க வேண்டும். குழுவில் போட்டால் ஆறே மாதத்தில் "பழைய நாதஸ்வரம் 3" என்று பெயர் மாறிச் சுற்றும். அப்பா பெயர் அதில் இருக்காது.


ரீல்பெட்டி:

நான் மறுபக்கத்திலிருந்து வருகிறேன், கோபப்படாமல் கேளுங்கள். சென்னையில் ஒரு சிறிய கேசட் கம்பெனியில் 1986இலிருந்து கடையை மூடும் வரை ஸ்டோரில் இருந்தேன். பக்திப் பாட்டு, நாட்டுப்புறம், நாகஸ்வரம், எல்லாம் போட்டோம்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குக் கம்பெனி ஒரு தங்கச் சுரங்கத்தைப் பூட்டி வைத்திருக்கிற மாதிரித் தெரியும். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ரீல் பெட்டியின் மேல் பென்சிலில் எழுதியது அழிந்துபோய், எது மாஸ்டர் என்கிற அசல் பதிவு, எது நகல் என்று தெரியாது. பூஞ்சை பிடித்த டேப். ஒரு ரகம் டேப்பில் மேல் பூச்சு ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும், மெஷினில் போட்டால் டேப்பைப் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். அதை மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வாட்டி எடுத்தால்தான் ஒருமுறை ஓட்டலாம். ஓட்டுவதற்கு மெஷின் வேண்டும், மெஷினுக்கு உதிரி பாகம் வேண்டும், அதைத் தெரிந்த ஆள் வேண்டும். அப்புறம் 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் குடோன் தரைத்தளம். முன்னூறு ரீலுக்கு மேல் சேற்றிலிருந்து அள்ளினோம், அதில் கேட்கும்படி மிஞ்சியது ஒரு கை விரல் எண்ணிக்கை. முதலாளி வாசலில் உட்கார்ந்து அழுதார். அவருக்கு அக்கறையில்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதற்கு முந்தின இருபது வருடத்தில் யாராவது இதைக் கேட்டு வந்தபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றுதான் அவர் சொன்னார். வந்தவர்களில் நாலு பேருக்கு ஒரு நகல் கொடுத்திருந்தால் இன்று அது இருந்திருக்கும். எனக்கு இன்றும் அதுதான் தூக்கத்தில் வருகிறது.

ஒப்பந்தப் பிரச்சினையும் உண்டு. எங்கள் காகிதங்களில் "கேசட்" என்று மட்டும்தான் இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதிக்கொடுத்த காலத்தில் இல்லாத ஒரு புது ஊடகத்தை ஒப்பந்தம் குறிப்பாகச் சொல்லவில்லையென்றால் அந்த உரிமை மாறாது என்று சட்டத்தில் வந்துவிட்டது. பழைய ஒப்பந்தத்துக்கும் அது பொருந்துமா பொருந்தாதா என்று வக்கீலுக்கு வக்கீல் வேறு சொல்லுவார்கள். அதனால் பாட்டெழுதியவரின் வாரிசு, இசையமைத்தவரின் வாரிசு யாராவது கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம். வெளியிட்டால் வரும் வருமானம் அந்தப் பயத்துக்கு ஈடாகாது, எனவே சும்மா இருப்பதே லாபம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். உங்கள் தட்டில் அந்தச் சிக்கல் இல்லை, அது உங்களுக்கு நல்லது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். யூடியூப் தானாகக் கண்டுபிடித்தது என்றால், கம்பெனி அந்த மல்லாரியின் மாதிரிக் கோப்பை யூடியூபிடம் கொடுத்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் அது வேலை செய்யாது. ஆக, மல்லாரி ஏற்கெனவே டிஜிட்டலாகிவிட்டது. எப்போதோ ஒரு மங்கல இசைத் தொகுப்பு சி.டி.யில் அதை மட்டும் சேர்த்திருப்பார்கள். இரண்டாம் பக்கம் அப்படிப் போயிருக்குமா என்பது சந்தேகம். ரக்தியை யாரும் பார்க்க முடியாதபடி "தனிப்பட்டது" என்று வைத்து ஏற்றிப் பாருங்கள். அதற்கும் அந்தச் சோதனை நடக்கும். உரிமைகோரல் வருகிறதா வரவில்லையா என்று இங்கே சொல்லுங்கள்.


கோண்டாவில்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். தவில் என்று கண்டவுடன் வாசிக்காமல் போக முடியவில்லை.

எங்கட ஆட்களுக்கு இந்த வலி வேறு மாதிரி. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் வாசிப்பைக் கேட்ட தலைமுறை அதைச் சொல்லிச் சொல்லி மாயும், ஆனால் எங்களுக்குக் கேட்கக் கிடைப்பதில் பெரும்பகுதி கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஆரோ பதிந்த ஒலிநாடாவின் பிரதியின் பிரதி. கொம்பனி வெளியிட்டது கொஞ்சம்தான். பதிந்து வைத்திருந்த ஆட்களின் வீடுகள் 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது திறந்தபடி கிடந்தன. என்ட பெரியப்பா ஒரு சூட்கேஸ் கசெற் வைத்திருந்தவர், சாவகச்சேரிக்குப் போகிற வழியில் பிள்ளைகளின் உடுப்பா கசெற்றா என்று வந்தபோது கசெற்றை வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது வீடும் இல்லை. அதற்கு எந்தக் கொம்பனியையும் குறை சொல்ல ஏலாது. ஆனால் ஒருவரிடம் மட்டும் இருக்கிற ஒலி எவ்வளவு லேசில் போய்விடும் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

இங்கே 2003ஆம் ஆண்டின் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 50 வருசம்தான். எங்கட பழைய பொப் பாட்டு இசைத்தட்டுகள், 70களின் தொடக்கத்தில் வந்தவை, அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. உரிமை முடிகிறது, சந்தோசம், ஆனால் தட்டு எங்கே? ஒவ்வொரு பிரதியாக ஆட்களின் வீட்டில் தேட வேண்டியிருக்கிறது. மாஸ்டரை வைத்திருந்தவர் தொலைத்துவிட்டால் உரிமை முடிந்த பிறகு என்னத்தை எடுப்பது? அதனால் 2032 வரை பார்த்திருப்பம் என்று மட்டும் இருந்துவிடாதேங்கோ அண்ணை.


வாசகசாலைக்காரன்:

கோண்டாவில் நண்பர் சொன்ன இடம்தான் முக்கியம். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார், அவர் காலத்திலேயே வெளிவந்த தட்டுகள் எல்லாம் 2017க்குள் உரிமை முடிந்தவை. இன்னொரு நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தார், அவர் உயிரோடு இருக்கும்போது வந்த தட்டுகளும் 2025 ஜனவரியோடு வெளியே வந்துவிட்டன. ஆனால் காலம் முடிந்ததும் மாஸ்டரைக் கொண்டுவந்து ஒரு ஆவணக் காப்பகத்தில் கொடு என்று நம் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. புத்தகத்துக்கு இருக்கிறது! 1954ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு புத்தகத்திலும் பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும். பதிப்பாளர்கள் எல்லாரும் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்பது வேறு, கடமை என்று எழுதியாவது இருக்கிறது. இசைத்தட்டுக்கு அதுவும் இல்லை. அறுபது வருடம் தனி உரிமை என்பது சாதாரணமாகக் கொடுத்த ஒன்றா? நாட்டு மக்கள் எல்லாரும் அதைத் தொடாமல் ஒதுங்கி நிற்கிறோம். அதற்குப் பதிலாக அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை என்றால் அது என்ன ஒப்பந்தம்.

வெளிநாட்டில் இதை யோசித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவு உரிமையை 50இலிருந்து 70 வருடமாகக் கூட்டியபோது கூடவே ஒரு நிபந்தனை வைத்தது. ஐம்பது வருடம் தாண்டிய பிறகு கம்பெனி அந்தப் பதிவை விற்பனையிலும் இணையத்திலும் வைக்கவில்லையென்றால், பாடியவர் அல்லது வாசித்தவர் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு வருடத்துக்குள் கம்பெனி வெளியிட வேண்டும், இல்லையென்றால் எழுதிக்கொடுத்த உரிமையைக் கலைஞர் முறித்துக்கொள்ளலாம். அது மட்டுமில்லை, ஒரே தொகை வாங்கிக்கொண்டு போன பக்கவாத்தியக்காரர்களுக்காக, அந்தக் கூடுதல் வருடங்களில் வரும் வருமானத்தில் 20 சதவீதத்தைக் கம்பெனி தனியாக எடுத்து வைக்க வேண்டும். 150 ரூபாய் வாங்கிய தவில்காரரை நினைத்து எழுதின மாதிரி இல்லையா? நாம் 1992இல் பத்து வருடம் கூட்டினோம், ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை.

அமெரிக்காவில் 2018 சட்டத்தில் இன்னொரு விதமாக வைத்தார்கள். 1972 பிப்ரவரிக்கு முந்தைய ஒரு பதிவை உரிமையாளர் யாரும் விற்கவில்லை என்று தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, லாப நோக்கில்லாமல் பயன்படுத்தப் போகிறேன் என்று பதிப்புரிமை அலுவலகத்தில் அறிவிக்கலாம். 90 நாளில் உரிமையாளர் எதிர்ப்புச் சொல்லவில்லையென்றால் பயன்படுத்தலாம். இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் மௌனம் அங்கே தடையாக நிற்பதில்லை. அக்கறை உள்ள உரிமையாளர் ஒரு கடிதம் போட்டால் போதும், அவர் உரிமை அவரிடமே இருக்கும். அங்கேயும் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. 2005இல் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுப் பாதுகாப்பு வாரியத்துக்காகச் செய்த ஆய்வில், 1965க்கு முந்தைய பதிவுகளில் எடுத்த மாதிரியில் உரிமையாளர்கள் மறுபடி வெளியிட்டுக் கிடைக்கும்படி வைத்திருந்தது 14 சதவீதம்தான். வைத்திருப்பதைப் பாதுகாக்கிறார்களா என்றால், 2008 ஜூனில் ஹாலிவுட்டில் யூனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீப்பிடித்து மாஸ்டர் டேப்புகள் எரிந்தன, அதில் இசை மாஸ்டர்கள் எவ்வளவு போயின என்ற பேச்சே 2019இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

நம்மிடமே ஒரு வழி இருக்கிறது என்பது என் கருத்து, யாரும் இசைத்தட்டுக்கு அதை யோசிக்கவில்லை. நாட்டுடைமை. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளின் உரிமையை வாங்கியது, பிறகு மக்களுக்கு விட்டது. அப்போது பாரதி பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது, அதை அவர் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்திருக்கிறது. புத்தகத்துக்குச் செய்வதை ஏன் ஒலிப்பதிவுக்குச் செய்யக்கூடாது? விற்காமல் கிடக்கும் நாகஸ்வரம், கூத்து, நாடகத் தட்டுகளுக்கு ஒரு தொகை கொடுத்து அரசு வாங்கட்டும், கம்பெனிக்குப் பணம், வாசித்தவர் வீட்டுக்கு ஒரு பங்கு, நமக்குக் கேட்க ஒரு இடம். சினிமாப் பாட்டின் பக்கமே போக வேண்டாம், அதை அவர்கள் விற்றுக்கொள்ளட்டும்.


சட்டக்குறிப்பு:

நாட்டுடைமை யோசனை நல்லது, ஆனால் அரசு புத்தகங்களுக்குச் செய்வது உரிமையாளர் சம்மதத்தோடு நடக்கிறது. கம்பெனி மறுத்தால் அதே இடத்தில் வந்து நிற்போம். பாரதி விஷயத்திலேயே மெய்யப்பச் செட்டியார் சம்மதித்ததால்தான் சுலபமாக முடிந்தது.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். 19ஆவது பிரிவில், உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தவில்லையென்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், உரிமை கொடுத்தவருக்கே திரும்பிவிடும் என்று இருக்கிறது. பயன்படுத்தாத உரிமை நிற்காது என்ற எண்ணம் நம் சட்டத்துக்குப் புதிது இல்லை. ஆனால் 1994 திருத்தத்துக்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது, ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அப்புறம் எத்தனை வருடம் கிடப்பில் போட்டாலும் அது கேட்பதில்லை. நம்முடைய பிரச்சினை முழுவதும் அந்த இரண்டு ஓட்டையில்தான் இருக்கிறது.


தவில்வீடு:

ரீல்பெட்டி ஐயா சொன்னபடி செய்து பார்த்தோம். ரக்தி முழுப் பக்கத்தையும் தனிப்பட்டதாக ஏற்றி ஐந்து நாள் ஆகிறது. உரிமைகோரல் வரவில்லை. மல்லாரியை மறுபடி ஏற்றினோம், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. கீர்த்தனைக்கும் வரவில்லை.

இதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிற்றைக் கலக்கியது. அப்படியென்றால் இரண்டாம் பக்கத்தை அவர்கள் டிஜிட்டலாக மாற்றவே இல்லை என்றுதானே அர்த்தம்?


ரீல்பெட்டி:

பெரும்பாலும் அப்படித்தான். மாற்றியிருந்தால் மொத்த ஆல்பத்தையும் ஒரே நாளில் கொடுத்திருப்பார்கள். மாஸ்டர் எங்காவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த மைக்செட்காரர் வீட்டுத் தட்டைக் கீழே வைக்காதீர்கள் ஐயா. இனிமேல் அதைச் சாதாரண பிளேயரில் ஒருமுறைகூட ஓட்டவேண்டாம். தேய்ந்த ஊசி ஒரே ஓட்டத்தில் மேல் சுரத்தையெல்லாம் சீவி எடுத்துவிடும், நாகஸ்வரத்துக்கு அதுதான் உயிர்.

கழுவுவதென்றால் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, லேபிளில் ஈரம் படக்கூடாது. இது எல்.பி.க்கு. வீட்டில் பழைய 78 தட்டு இருந்தால் அதில் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். மாற்றும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. இரைச்சல் எடுக்கிற வேலை எதுவும் அதில் செய்ய வேண்டாம், பொரிகிற சத்தத்தோடு அப்படியே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சுத்தம் செய்த நகல் தனியாக. இரைச்சலை எடுக்கிறேன் என்று தவிலின் வலது பக்கமான வலந்தலையின் சொற்களையே தின்றுவிட்ட சி.டி.க்களை நிறையக் கேட்டிருக்கிறேன், விரல் கூடு தோலில் படுகிற அந்தக் கூர்மை போய்விடும்.

வேகத்தையும் சரிபாருங்கள். அந்த வித்வான் எத்தனை கட்டை சுருதியில் வாசிப்பார் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும், ஒத்தை வைத்தே அவர் சொல்லிவிடுவார்.


வாசகசாலைக்காரன்:

சென்னைக்கு வர முடிந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேசிப் பாருங்கள், புத்தகம் மட்டுமில்லை, இசைத்தட்டுகளும் அவர்கள் சேர்ப்பில் உண்டு. கொடுக்கும்போது தட்டோடு உங்கள் அப்பா சொல்லுவதையும் எழுதிக் கொடுங்கள்: எந்த ஸ்டுடியோ, எத்தனை மைக், யார் எங்கே உட்கார்ந்தார்கள், ஒத்து யார். உறையில் அதெல்லாம் இருக்காது.

கம்பெனிக்கு இன்னொரு கடிதமும் போடுங்கள். இந்த முறை அனுமதி கேட்டு வேண்டாம், நல்ல நிலையில் ஒரு பிரதி எங்களிடம் இருக்கிறது, உங்களிடம் மாஸ்டர் இல்லையென்றால் நாங்கள் மாற்றிய கோப்பை உங்களுக்கு இலவசமாகத் தருகிறோம், நீங்களே உங்கள் பெயரில் வெளியிடுங்கள், கலைஞர்கள் பெயரை மட்டும் முழுசாகப் போடுங்கள் என்று. மறுபடி மறுத்தால் 31ஆவது பிரிவுக்கு இரண்டாவது காகிதம் ஆயிற்று. வழக்குச் செலவு என்று வந்தால் இந்தத் திரியில் கேளுங்கள், என் பங்கு உண்டு.


கோண்டாவில்:

என்ட பங்கும்.


தவில்வீடு:

நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது. கடிதம் எழுதிவிட்டேன், நாளைக்குப் பதிவுத் தபாலில் போகிறது. தட்டு மாற்றுவதற்குத் தஞ்சாவூரில் ஒரு நண்பரிடம் நல்ல பிளேயர் இருக்கிறது, புது ஊசி வரவழைத்திருக்கிறார், சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

எத்தனை கட்டை என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டரை" என்று உடனே சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ரக்தி பதிந்த அன்று காலையில் தவில் வார் இறுக்கம் சரியாக நிற்கவில்லை, மழை நாள், ஸ்டுடியோவுக்குள் ஏ.சி. வேறு, முதல் இரண்டு ஆவர்த்தனம் இடது பக்கத் தொப்பி இறங்கித்தான் இருக்கும், அதைத் திருத்தி எடுக்கவேண்டாம் அப்படியே விடு என்றார். 54 வருடமாக அவர் அந்தப் பக்கத்தைக் கீறல் இல்லாமல் கேட்டதில்லை. சனிக்கிழமை கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.